ஐந்தாம் இடத்தில் தொடங்கிய தொடர் நாயகன்

1976 மே 24 அன்று பாரிஸில் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய ஒயின் சுவைப் போட்டி என்றாலே கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 பெயர்தான் அடிபடுகிறது. சிவப்பு ஒயின் பிரிவில் களமிறங்கியவை பத்து: கலிபோர்னியாவின் ஆறு, போர்தோவின் நான்கு. லேபிளை மறைத்து ஊற்றினார்கள். ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் 20க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார்கள். ஸ்டாக்ஸ் லீப் 127.5, போர்தோவின் மூத்தோன் ரோட்ஷீல்ட் 126. மொத்தம் 180 மதிப்பெண்ணில் ஒன்றரைதான் இடைவெளி. ஒரே ஒரு நடுவரின் நாக்கு சற்று மாறியிருந்தாலும் கோப்பை கை மாறியிருக்கும். அந்தப் பட்டியலில் ஐந்தாவதாக இருந்தது கலிபோர்னியாவின் ரிட்ஜ் மாண்டே பெல்லோ 1971. ஐந்தாம் இடத்துக்கு யார் தலைப்புச் செய்தி போடுவார்கள்? ஆனால் முழுத் தொடரையும் எடுத்துப் பார்த்தால், பேச வேண்டிய ஆட்டக்காரர் அதுதான்.

போர்தோ பாணிச் சிவப்பு ஒயின் என்பது காபர்னே சாவிஞோனை முதுகெலும்பாக வைத்து, மெர்லோ, காபர்னே பிராங்க், பெட்டி வெர்டோ ஆகியவற்றை அளவறிந்து சேர்ப்பது. இளமையில் துவர்ப்பு தூக்கலாக இருக்கும். பாட்டிலில் பல ஆண்டுகள் கிடந்த பிறகே அது இறங்கும். இது டெஸ்ட் ஆட்டம். முதல் நாள் ஸ்கோரை வைத்து முடிவு சொல்ல முடியாது. தோற்ற பிரெஞ்சுத் தரப்பும் 1976இல் இதையேதான் சொன்னது: எங்கள் ஒயின்கள் முதிரட்டும், அப்புறம் பாருங்கள் என்று. சரி, பார்ப்போம். 1978 சான் பிரான்சிஸ்கோ, 1986இல் இரண்டு மறுபோட்டிகள், 2006இல் லண்டனிலும் நாபாவிலும் ஒரே நாளில் நடந்த முப்பதாம் ஆண்டுச் சுற்று. பாரிஸையும் சேர்த்து மாண்டே பெல்லோ பெற்ற இடங்கள் 5, 3, 2, 3, 1. ஸ்டாக்ஸ் லீப் பெற்றவை 1, 1, 6, 4, 2. கூட்டினால் இரண்டுக்கும் 14தான். சராசரி இங்கே எதையும் தீர்க்காது. எந்த வயதில் எடுத்த ரன் என்பதுதான் கேள்வி. ஒன்று இளமையில் குவித்தது, மற்றது முதிர முதிர ஏறியது. முதிர்ச்சிக்காகவே செய்யப்படும் ஒயினில் பின்னதற்கே எடை அதிகம். 2006இல் மாண்டே பெல்லோ 137 புள்ளி; அடுத்து வந்த ஸ்டாக்ஸ் லீப் 119. மூத்தோன் ஆறாம் இடத்துக்கு இறங்கியது.

பத்தில் ஆறு கலிபோர்னியா என்றால் அவர்களுக்குச் சாதகம்தானே என்று கேட்கலாம். நாட்டுக் கணக்குக்கு அந்த ஆட்சேபம் பொருந்தும். ஒரு தனி ஒயின் மற்ற ஒன்பதையும் முந்தியதற்கு அது பதிலாகாது. உள்ளூர் நடுவர்கள் தூக்கிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 2006இல் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் அதற்கே முதலிடம். முப்பது ஆண்டு கடந்த பாட்டில்கள் ஒன்றுபோல் இருக்காது என்பது வலுவான ஆட்சேபம், மறுக்க மாட்டேன். ஆனாலும் தற்செயல் ஒரு முறை கைகொடுக்கும், ஐந்து சுற்றிலும் கொடுக்காது.

எல்லாம் பழங்கொடியின் மகிமை என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சாந்தா குரூஸ் மலையில் 1886இல் ஓசியா பெரோன் என்ற மருத்துவர் தொடங்கிய தோட்டம் மாண்டே பெல்லோ. பின்னர் 1940களில் மறுபடி நடப்பட்டது. 1949இல் நட்ட கொடிகள் இன்றும் காய்க்கின்றன. ஆனால் 1971 அறுவடையின்போது அவற்றுக்கு வயது 22தான். ஸ்டாக்ஸ் லீப்பின் கொடிகளோ 1973 அறுவடையின்போது நட்டு மூன்றே ஆண்டுகள் ஆனவை; அவற்றின் ஒயின் 2006இல் இரண்டாம் இடம் பிடித்ததை வயதுவாதிகள் எப்படி விளக்குவார்கள்? கொடியின் வயதைவிட இடத்துக்கே நான் அதிக மதிப்பெண் தருவேன். மாண்டே பெல்லோவில் ஏறத்தாழ 400 முதல் 800 மீட்டர் உயரம், சுண்ணாம்புக்கல் கலந்த மண், பசிபிக்கிலிருந்து வரும் குளிர்காற்று. பழம் மெதுவாகப் பழுக்கும், புளிப்பு கரையாமல் நிற்கும். ஒயினை நெடுங்காலம் தாங்குவது அந்தப் புளிப்பும் துவர்ப்பும்தான். இயற்கை ஈஸ்ட்டையே நம்பி, பழச்சாற்றில் கை வைப்பதைக் குறைத்தார் தயாரிப்பாளர் பால் டிரேப்பர். ஸ்டான்ஃபோர்டில் தத்துவம் படித்தவர். ஒயின் தயாரிப்பை எந்தக் கல்லூரியிலும் கற்றவரல்லர்.

1976 கோப்பை ஸ்டாக்ஸ் லீப்புக்கே உரியது, அதைப் பிடுங்க வேண்டியதில்லை. தொடர் நாயகன் விருது மாண்டே பெல்லோ 1971க்கு.