கடைகயிறும் கைத்தழும்பும்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாளின் மாலையும் மார்கழியும்தான் நினைவுக்கு வரும். இழப்பையும் சாவையும் பாடிய தமிழ்க் கவிதையிலும் இந்த ஊருக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கு உரியவர் ஆண்டாளை வளர்த்த பெரியாழ்வார்.

துயரத்தையும் இலக்கணம் வகுத்துப் பார்த்த மொழி தமிழ். எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அழுகையை வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றார்: இழிவுபடுதல், இழத்தல், பழைய நிலை தாழ்தல், வறுமை. உலகம் நிலையாது என்று எடுத்துச் சொல்லக் காஞ்சித் திணை. தலைவன் மாய்ந்தபின் சுற்றத்தார் புலம்பக் கையறுநிலை. பின்னால் வந்த இரங்கல் பாட்டெல்லாம் பெரும்பாலும் இவ்விரு வழிகளில்தான் நடந்தது.

மாங்குடி மருதனார் 782 அடிகளில் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் பாடிய மதுரைக்காஞ்சி முதல் வழியைச் சேர்ந்தது. செல்வம், இளமை, யாக்கை என மூன்றுக்கும் தனித்தனி அதிகாரம் வைத்த நாலடியாரும், திருமந்திரமும், பட்டினத்தாரும் அதே வழி. பட்டினத்தாரின் சாரத்தைக் கண்ணதாசன் 1962இல் ‘பாத காணிக்கை’ படப் பாட்டில் இறக்கித் தேநீர்க்கடை வரை கொண்டுவந்தார்.

இந்த வழியில் ஓர் ஆபத்து உண்டு. உபதேசம் ஓங்கினால் கவிதை ஒடுங்கிவிடும். பட்டினத்தாரே தாய்க்கு வாய்க்கரிசி இட நேர்ந்தபோது உபதேசத்தை விட்டுவிட்டார். தன்னைக் கொஞ்சிக் கூப்பிட்ட வாயில் எப்படி அரிசி இடுவது என்று கலங்குகிறார். அவர் பாடியவற்றில் நெஞ்சை அதிகம் உலுக்குபவை அந்தப் பாடல்களே.

புறநானூற்றின் 243ஆம் பாட்டில் ஒரு கிழவர் வருகிறார். மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக் காட்டிய சிறுவயதை நினைக்கிறார். இப்போதோ கையில் தடி. இருமலுக்கு நடுவே சில சொல். இளமை நிலையாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? கையில் பிடித்துக் காட்ட ஒரு பொருள் இருக்கிறதா என்பதே இவ்வகைப் பாட்டுக்குச் சரியான உரைகல்.

பெரியாழ்வார் அந்த உரைகல்லில் இரண்டு முறை தேறுகிறார். ஒரு பதிகத்தில் சாகக் கிடப்பவனைக் காட்டுகிறார்: புண்ணில் ஈ மொய்க்கிறது; சுற்றி உட்கார்ந்த உறவினர், பணத்தை எங்கே வைத்தாய், சொல் சொல் என்று நச்சரிக்கிறார்கள். இன்னொன்றில், திருமால் கொண்டுபோன மகளை நினைத்துத் தாய் புலம்புகிறாள். மாமியார் யசோதை அவளை மதிப்பாளா? தயிர் கடைந்து கடைந்து, கயிறு பட்டுப் பெண்ணின் கை தழும்பேறிவிடுமோ? மருமகன் தெய்வமே ஆனாலும் பெற்றவளுக்குக் கவலை கையைப் பற்றித்தான். பால்கோவாவுக்குப் பேர்போன இந்த ஊரில் அந்தத் தழும்பை விளக்கவே வேண்டாம்.

ஏட்டில் ஏறாத புலமை ஒப்பாரி. தோளோடு தோள் கட்டி உட்கார்ந்து பெண்கள் பாடுவது. “என்னப் பெத்த அம்மா” என்று முறை சொல்லி விளித்துத் தொடங்கி, பிறந்த வீட்டுப் பெருமை, தாலி இழந்தவளின் நிலை, கூடப்பிறந்தவன் வராத குறை என்று போகும். தொல்காப்பியர் சொன்ன நான்கும் ஒரே பாட்டில் வந்துவிடும். இதில் புலமை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கையறுநிலையின் புதிய கிளை ஈழத்தில் முளைத்தது. 1985இல் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பில், ஒரு மன்னனுக்காக எழுந்த புலம்பல் ஓர் இனத்துக்கே ஆனது.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு வட்டார இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பாட்டிமார் பாடும் ஒப்பாரியை அலைபேசியில் பதிவு செய்யுங்கள். சாவு விழாத வீட்டுக்குள் அதைப் பாடக் கூடாது என்பது பெரியவர்கள் நம்பிக்கை. வீட்டில் வற்புறுத்தாமல் தோட்டத்திலோ கண்மாய்க் கரையிலோ கேளுங்கள். யாருக்காகப் பாடியது, என்ன முறை, எந்த ஊர் என்பதையும் பாட்டோடு சேர்த்து எழுதி, ஒரு படியை ஊர் நூலகத்தில் கொடுங்கள்.