முதற்பெயர், கடைப்பெயர்: மின்னஞ்சலுக்குள் நுழையாத புதுச்சேரிப் பெயர்கள்

விரிதாளில் உள்ள தொடர்புப் பட்டியலை மின்னஞ்சல் செயலிக்கு மாற்றுவது எளிய வேலை என்றே கணினி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்க வேண்டும். செயலியின் தொடர்புகள் பகுதியில் 'இறக்குமதி' என்பதைத் தேர்ந்து அந்தக் கோப்பைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். சிஎஸ்வி என்பது வரிக்கு ஓர் ஆளாக, விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு. எழுத்துரு, நிறம், கட்டம் எதுவும் அதில் தங்காது. 2005-இல் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. அதன் பிறகும் செயலிகள் தம் விருப்பப்படிதான் எழுதுகின்றன.

புதுச்சேரியில் ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையோ, பழைய மாணவர் பட்டியலையோ இந்த முறையில் மாற்றிப் பார்ப்பவருக்கு வகுப்பில் சொல்லாதவை பலவும் தெரியவரும். இங்குள்ள பட்டியல்களில் தமிழும் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்திருக்கும். பட்டியலில் உள்ளோரில் சிலர் பிரான்சில் வாழ்வார்கள். எழுத்தும் எண்ணும் கெடுவது ஒரு வகைச் சிக்கல். பெயர் கெடுவது வேறு வகை. முதல் வகை அனுப்புபவரின் கண்ணில் பட்டுவிடும். இரண்டாவது, கடிதம் பெறுபவருக்கு மட்டுமே தெரியும் என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியுள்ளது.

எழுத்தும் எண்ணும்

எக்செல்லில் வெறுமனே 'சிஎஸ்வி' என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். அந்த வகைக் கோப்பு கணினியின் பழைய மேற்கத்தியக் குறியேற்றத்தில் எழுதப்படுவதே காரணம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரான்சுவா மார்த்தேன் வீதி என்பதைப் பிரெஞ்சில் எழுதும்போது வரும் வால் போட்ட எழுத்து அந்தக் குறியேற்றத்தில் இருப்பதால் தப்பித்துக்கொள்ளும். அதே வரியில் இருக்கும் தமிழ் அழிந்துபோகும். கேள்விக்குறியான எழுத்தை மீட்க வழியில்லை. 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற தனி வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

யுடிஎஃப்-8 கோப்பைத் தவறாக வாசிக்கும்போது வரும் குப்பை இதிலிருந்து வேறுபட்டது. ஒருங்குறித் தமிழின் ஒவ்வொரு குறியும் அங்கே மூன்று பைட்டுகள்; முதல் பைட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதனால் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ' மூன்று இடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். இதைக் கண்டால் பதறத் தேவையில்லை. கோப்பை மறுபடி சேமிக்காமல் மூடிவிட்டுச் சரியான குறியேற்றத்தில் திறந்தால் தமிழ் திரும்பிவிடும். லிப்ரே ஆபிஸ் கால்க், கோப்பைத் திறக்கும்போதே குறியேற்றம் எது, பிரிப்பான் எது என்று கேட்கிறது. கேள்வி கேட்கும் செயலியைத் தொல்லை என்று பலர் ஒதுக்குகிறார்கள். இந்த வேலைக்கு அதுதான் பொருத்தம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பட்டியல்கள் இன்னும் பல அலுவலகங்களில் உள்ளன. அவற்றில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. சிஎஸ்வியில் எழுத்துரு தங்காததால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். முதலில் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுப் பிறகே இறக்குமதிக்குப் போக வேண்டும்.

அந்த அரைப்புள்ளி இன்னொரு வழியிலும் வரும். பிரான்சில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி எழுதுவது வழக்கம். எனவே அங்குள்ள கணினிகளில் எக்செல் உருவாக்கும் சிஎஸ்வி, விவரங்களை அரைப்புள்ளியால் பிரிக்கிறது. அங்கிருந்து வரும் பட்டியலை இங்கே திறந்தால் ஓர் ஆளின் எல்லா விவரமும் ஒரே கட்டத்தில் அடைந்துகிடக்கும். தொலைபேசி எண்களில், 0413 என்ற புதுச்சேரிக் குறியீடும் 0033 என்ற பிரான்சுக்கான தொடக்கமும் முன்னுள்ள சுழியங்களை இழக்கும். 91 சேர்த்த பன்னிரண்டு இலக்கக் கைப்பேசி எண் 9.19E+11 போலச் சுருங்கித் தெரியும். தெரிவதைத்தான் சிஎஸ்வியில் எழுதுகிறது எக்செல். ஆகவே மீதி இலக்கங்கள் கோப்பில் இரா. எண் நெடுவரிசையைத் தட்டச்சிடும் முன்பே 'உரை' வகையாக மாற்றிவைப்பது நல்ல தீர்வு.

பெயர்

இனி முக்கியமான இடத்துக்கு வரலாம். இறக்குமதிக் கோப்பு 'முதற்பெயர்', 'கடைப்பெயர்' என்று இரண்டு நெடுவரிசைகளை எதிர்பார்க்கிறது. தமிழ்ப் பெயருக்கு இந்த இரண்டும் இல்லை. ஒருவருக்கு இருப்பது ஒரு பெயர். அதன் முன் நிற்பது தந்தை பெயரின் தலைப்பெழுத்து. 'மு. செல்வராசு' என்ற பெயரை இடைவெளியில் வெட்டிப் போட்டால் முதற்பெயர் 'மு.', கடைப்பெயர் 'செல்வராசு' என்றாகும். அடுத்து வரும் சுற்றறிக்கை 'அன்புள்ள மு.' என்று தொடங்கும். இதைத் தவிர்க்க எண்ணித் தலைப்பெழுத்தை விரித்து, முதற்பெயர் செல்வராசு, கடைப்பெயர் முருகேசன் என்று நிரப்புவோர் உண்டு. அப்போது மரியாதையாக எழுதப்படும் கடிதம் 'திரு. முருகேசன் அவர்களுக்கு' என்று போகும். அவர் இறந்து பத்தாண்டு ஆகியிருக்கலாம். பிள்ளையின் பெயருக்கு அனுப்பிய அழைப்பு தந்தையின் பெயரில் வந்து சேர்வதை அந்த வீட்டில் யாரும் தொழில்நுட்பப் பிழை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்ட பெண் இரண்டு பதிவுகளாகப் பிரிந்துவிடுவார். 'ஆர்.' என்றும் 'இரா.' என்றும் எழுதப்பட்ட ஒரே மனிதரும் அப்படியே. தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என அண்டையிலுள்ள தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது; நல்ல ஆணைதான், ஆனால் பழைய பட்டியலும் புதிய பட்டியலும் சந்திக்கும் இடத்தில் இரட்டிப்பு கூடும்.

புதுச்சேரியில் இதற்கு மேலும் ஓர் அடுக்கு உண்டு. கடைப்பெயர் என்ற கட்டத்தை நிரப்பும்படி இங்கே சட்டமே ஒருகாலத்தில் கேட்டிருக்கிறது. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, பிரெஞ்சிந்தியர்கள் தம் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வரலாம். அப்படித் துறந்தவர்கள் தமக்கும் வாரிசுகளுக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிரெஞ்சில் 'கதவு' என்று பொருள். வேறு சிலர் பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். இன்னும் சிலர் தந்தையின் தமிழ்ப் பெயரையே குடும்பப் பெயராக நிலைநிறுத்தினார்கள்.

விளைவு என்ன? இன்றைய ஒரே பட்டியலில் கடைப்பெயர் என்ற கட்டம் ஒருவருக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர், அடுத்தவருக்குத் தந்தை பெயர், மூன்றாமவருக்குக் கணவர் பெயர். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். துறந்தவர்கள் பதிவாளர் முன் போய்த் தாமே பெயரைத் தேர்ந்தார்கள். இறக்குமதிப் படிவம் யாரையும் கேட்பதில்லை.

பிரெஞ்சுப் பட்டியல்களில் இன்னொரு கண்ணி உள்ளது. அங்கே 'நோம்' என்ற தலைப்பு குடும்பப் பெயரைக் குறிக்கும். இடுபெயருக்குத் தலைப்பு 'ப்ரேனோம்'. 'நோம்' என்பதை ஆங்கில 'நேம்' என்று எண்ணி முழுப்பெயர்க் கட்டத்தில் சேர்ப்பவர், அண்ணன் தம்பி எல்லோரையும் ஒரே பெயரில் இறக்கிவிடுவார். எழுத்துக்கூட்டலும் ஒத்துழைக்காது. இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை 'எஸ்' வந்தால் பிரெஞ்சில் அது 'இசட்' போல ஒலிக்கும் என்பதால் பிரெஞ்சு ஆவணங்களில் ராமசாமிக்கு இரண்டு 'எஸ்'. உழவர்கரை அங்கே 'ஊல்கரே'. ஊரின் பெயரே 2006-இல்தான் ஆட்சிமுறையில் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரியானது. பட்டியல்களில் இரண்டும் இருக்கும், புதுவையும் இருக்கும். ஆகவே பெயரையோ ஊரையோ வைத்து இரட்டைப் பதிவுகளைத் தேடாமல் மின்னஞ்சல் முகவரியை வைத்துத் தேடுவதே சரி.

குறை யாருடையது?

பயனர் கவனமாக இருந்திருக்கலாம் என்ற பதில் போதாது. தொடர்பு விவரங்களுக்கான விகார்டு தரத்தின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்பு, குடும்பப் பெயர் முதலாகப் பகுத்து எழுதும் பெயர்ப் புலத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. 2011-இல் வந்த நான்காம் பதிப்பு அந்தக் கட்டாயத்தை நீக்கியது. இப்போது கட்டாயமானது, பகுக்காத முழுப்பெயர் மட்டுமே. உலகின் பெயர் வழக்கங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை விளக்கி வலைத் தரங்களுக்கான டபிள்யூ3சி அமைப்பும் ஒரு கட்டுரையை வைத்திருக்கிறது. தரம் வழிவிட்ட பிறகும் செயலிகளின் படிவங்கள் பழைய இரண்டு கட்டங்களோடுதான் நிற்கின்றன. அறியாமை என்று இதைச் சொல்ல முடியாது. அக்கறையின்மை என்றுதான் சொல்ல வேண்டும்.

செயலிகளுக்குள் வேறுபாடு உண்டு. தண்டர்பேர்டும் கணினியில் நிறுவும் பழைய அவுட்லுக்கும் எந்த நெடுவரிசை எந்தப் புலத்துக்கு என்று பயனரையே பொருத்த விடுகின்றன. கூகுள் தொடர்புகள், தலைப்பு வரியில் உள்ள ஆங்கிலச் சொற்களை வைத்துத் தானே முடிவு செய்கிறது. ஆனால் இறக்கிய பதிவுகள் அனைத்துக்கும் அது ஒரு சிட்டை ஒட்டிவிடுவதால், தவறாகப் போனவற்றை ஒரே மூச்சில் தேர்ந்து நீக்க முடிகிறது. இந்த வசதிக்காக அதைப் பாராட்டலாம்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது, தலைப்பெழுத்தோடு கூடிய முழுப்பெயரை முதற்பெயர்க் கட்டத்திலேயே வைத்துக் கடைப்பெயரைக் காலியாக விடுவது. குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் இரண்டாம் கட்டத்தை நிரப்பலாம். எப்படி அழைக்க வேண்டும் என்பதற்கு விரிதாளில் தனி நெடுவரிசை வைத்து, அதைப் புனைபெயர்ப் புலத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அந்த நெடுவரிசையை உரியவரைக் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். முந்நூறு பேர் உள்ள பட்டியலுக்கு இது இரண்டு மாலைப்பொழுது பிடிக்கும் வேலை. முதலில் ஐந்து வரிகளை மட்டும் தனிக் கோப்பாக்கி இறக்கிப் பார்ப்பது நல்லது. அந்த ஐந்தில் ஒன்று பிரெஞ்சுக் குடும்பப் பெயராகவும், ஒன்று வெறும் தலைப்பெழுத்துப் பெயராகவும், ஒன்று 0033 எண்ணாகவும் இருக்கட்டும்.