வாட்டர்லூ ஸ்டேஷனும் ஒரு சொல்லும்

ஸ்டூவர்ட் ஹாலும் வேறு நால்வரும் சேர்ந்து எழுதி 1978ல் வெளிவந்த 'போலீஸிங் தி க்ரைஸிஸ்' புஸ்தகத்தின் பெயரை நம்மவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். சித்தாந்தம், மேலாதிக்கம் என்று இரண்டு வார்த்தைகளோடு அதை முடித்தும் விடுகிறார்கள். புஸ்தகம் தொடங்குவதோ ஒரே ஒரு சொல்லில்.

1972 ஆகஸ்டில் லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு முதியவரைக் குத்திக் கொன்றார்கள். பத்திரிகைகள் அதை 'மக்கிங்' என்றன. வழிப்பறி இங்கிலாந்துக்குப் புதிதல்ல. சொல் அமெரிக்காவிலிருந்து வந்த கடன். அங்கே கறுப்பர் சேரிகளின் மீது ஒட்டியிருந்த பயமும் சொல்லோடு சேர்ந்து கப்பலேறி வந்துவிட்டது. சட்டத்தில் அப்படி ஒரு குற்றமே கிடையாது. ஆனாலும் லண்டனில் நான்கு வருஷத்தில் அது 129 சதவீதம் பெருகிவிட்டதாகக் கணக்கு வந்தது.

பாங்க்கில் உட்காருகிறவனுக்கு இந்த இடம் சட்டென்று புரியும். லெட்ஜரில் ஒரு தலைப்பைத் திறந்துவிட்டால், பழைய பதிவுகளைக்கூட அதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஆறே மாதத்தில் அது என்றைக்கும் இருந்த தலைப்புப் போல ஆகிவிடும். கூட்டலில் ஒரு தப்பும் இருக்காது.

இந்தக் கூட்டல் நடக்கும் விதத்தைக் காட்டியதுதான் புஸ்தகத்தின் சாதனை. போலீஸ் அதிகாரி, நீதிபதி, மந்திரி ஆகியோர் முதலில் பெயர் வைக்கிறார்கள். நிருபர் பொய் சொல்வதில்லை. அவசரத்தில் நம்பத் தகுந்த வாயைத் தேடி இவர்களிடமே போகிறார். அச்சானது ஜனங்களின் கவலையாகிறது. அந்தக் கவலையை நீதிபதி தண்டனைக்குக் காரணம் காட்டுகிறார். தண்டனை மறுநாள் செய்தி. 1973 மார்ச்சில், பர்மிங்ஹாமின் ஹாண்ட்ஸ்வொர்த் பகுதி வழக்கில் 16 வயதுப் பையன் ஒருவனுக்கு 20 வருஷம், கூட இருந்த இருவருக்கும் பத்துப் பத்து. ஆராய்ச்சிக்குத் தூண்டுதலே இந்தத் தண்டனைதான்.

சொல் மாறலாம், யந்திரம் நிற்பதில்லை. 2012க்குப் பின் பிரிட்டிஷ் அரசு 'எதிரிச் சூழல்' என்று தானே பெயர் சூட்டிய கொள்கையால், 1973க்கு முன் குழந்தைகளாக வந்திறங்கிய கரிபியர்கள் பலர் முதுமையில் வேலையும் வீடும் இழந்தார்கள். 2018ல்தான் விஷயம் வெடித்தது. அவர்கள் வந்திறங்கியதற்கான சீட்டுகளை 2010லேயே அரசாங்கம் அழித்துவிட்டிருந்தது.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பத்திரிகைக்கு வந்த வாசகர் கடிதங்களுக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கிய புஸ்தகம், கறுப்பு இளைஞனைக் கடைசியில் கொண்டுவரும்போது வர்க்கம், கூலியின்மை, உதிரிப் பாட்டாளி என்று அவனுக்கும் ஒரு தலைப்புத் திறந்துவிடுகிறது. ஹாலே 1951ல் ஜமைக்காவிலிருந்து வந்தவர். அந்த 'நான்' இதில் எங்கும் இல்லை. ஆராய்ச்சி முறை அதற்கு இடம் தராது என்பார்கள், எனக்கு ஒப்பவில்லை. அவருடைய சுயசரிதை அவர் மறைந்த பிறகு, 2017ல்தான் வந்தது.

இதற்காகவே ஸாமுவேல் ஸெல்வனின் 'தி லோன்லி லண்டனர்ஸ்' நாவலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். (டிரினிடாட்காரர், தகப்பன் வழியில் மதராஸ்.) 1956ல் வந்த அந்த நாவலும் வாட்டர்லூவில்தான் ஆரம்பிக்கிறது. ரயிலில் வந்திறங்குகிற குடும்பத்தை ஒரு நிருபர் மடக்குகிறார்: ஏன் இத்தனை பேர் வருகிறீர்கள்? மறுநாள் பேப்பரில் குடும்பப் படம், கீழே ஒரு வரி. அவ்வளவுதான், வந்தவர்கள் செய்தியாகிவிட்டார்கள். ஆய்வாளர்கள் பின்னால் பிரித்துக் காட்டிய யந்திரம் ஒரு சில பக்கங்களில் முழுசாக ஓடுகிறது. வித்தியாசம், இங்கே அந்தக் கிழவிக்கு வாய் இருக்கிறது. நிருபரை அவள் விடுகிறாளில்லை; படத்தில் யார் யார் நிற்பது என்பதையும் அவள்தான் தீர்மானிக்கிறாள்.

நாவல் மெலிசு, இரண்டு ராத்திரியில் முடித்துவிடலாம். மற்றதற்கு லீவு போடவேண்டியிருக்கும்.