ஆதாமின் காலை உணவு

அருட்பணியாளர் ஹென்றி நூவன் எழுதிய ‘ஆதாம்: கடவுளின் அன்பர்’ என்னும் ஆங்கிலச் சிறுநூலை இரண்டாம் முறை படித்தேன். முதல் வாசிப்பில் கண்கலங்கச் செய்த பக்கங்களே இம்முறை உறுத்தின.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்த நூவன், 1986-ல் கனடாவின் டொரான்டோவுக்கு அருகிலுள்ள ‘டேபிரேக்’ என்ற லார்ஷ் இல்லத்திற்கு வந்தார். அறிவுசார் குறைபாடு உடையோரும் அவர்களுக்கு உதவுவோரும் ஒரே குடும்பமாய் வாழும் இடம் அது. (பெங்களூரில் 1970-ல் தொடங்கிய ஆஷா நிகேதனும் இவ்வமைப்பைச் சேர்ந்ததே.) பேச இயலாத, துணையின்றி நடக்க இயலாத, வலிப்பு நோயும் கொண்ட இளைஞர் ஆதாமைக் காலையில் எழுப்பிக் குளிப்பாட்டி, உடுத்தி, உணவருந்தத் துணைசெய்வது நூவனுக்கு ஒப்படைக்கப்பட்ட பணி. ஆதாம் 1996 பிப்ரவரியில் இறந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் நூவனும் மறைந்தார். நூல் 1997-ல் வெளிவந்தது.

ஆதாமின் வாழ்வை நூவன் இயேசுவின் வாழ்வோடு இணைவைத்து அடுக்குகிறார்: மறைந்த வாழ்வு, பாலைநிலம், பொதுவாழ்வு, பாடுகள், இறப்பு, உயிர்ப்பு. அழகிய அமைப்புத்தான். ஆனால் ஆதாம் எதைக் கற்றார், எதை விரும்பினார், எதை மறுத்தார் என்பவை அதற்குள் மங்கிவிடுகின்றன. ஒருநாள் நூவன் அவசரமாக உடை மாட்டிவிடுகையில் ஆதாமுக்குக் கடும் வலிப்பு வருகிறது. நிதானமாயிருக்கும்படி ஆதாம் தமக்குச் சொன்னதாக அவர் அதற்குப் பொருள் கொள்கிறார். அவசரத்தை அவர் விட்டது நன்றே. எனினும் வலிப்பு மூளையின் நோய். அது தூது அன்று. பேசாதவர் வாயில் நம் சொற்களை வைப்பது எவ்வளவு எளிதாகிவிடுகிறது!

நம் வீடுகளிலும் இதுவே நடக்கிறது. முப்பது வயதைக் கடந்தவரையும் ‘கடவுளின் குழந்தை’ என்கிறோம். ‘அவர்’ என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. குழந்தைக்கு எதற்குப் பயிற்சி? தாயே ஊட்டுகிறார், தாயே பொத்தான் போட்டுவிடுகிறார். ‘எனக்குப் பிறகு யார்?’ என்ற கேள்வி இரவில் அவரை உறங்கவிடுவதில்லை.

வாழ்க்கைத் திறன் பயிற்சியின் வழி வேறு. பல் துலக்குதல் என்னும் ஒரே செயலைப் பல சிறு படிகளாகப் பிரித்துக்கொள்வார்கள்: மூடியைத் திறப்பது, பற்பசையைப் பிதுக்குவது, வாய் கொப்பளிப்பது என்று. முதலில் கைமேல் கைவைத்து உதவுவார்கள். பிறகு தொட்டு நினைவூட்டினால் போதும், பிறகு சைகை, பிறகு விலகி நிற்றல். மாதக்கணக்கில் ஆகலாம். தாய்க்குக் கடினமானது அந்த விலகி நிற்றல்தான். எல்லாரும் தனித்து வாழும் நிலையை எட்டிவிட மாட்டார்கள். ஆதாமாலும் அது முடிந்திராது. ஆயினும் இரண்டு சட்டைகளைக் காட்டும்போது ஒன்றை நோக்கிக் கைநீட்டுவதும் தன்னுரிமையே.

‘வேண்டாம்’ எனச் சொல்லக் கற்பிப்பதை இத்திறன்களுள் முதலாவதாக வைப்பேன். லார்ஷ் அமைப்பின் நிறுவனர் ழான் வானியே, அறிவுசார் குறைபாடு இல்லாத வயதுவந்த பெண்களை ஆன்மிக வழிகாட்டுதலின் பெயரால் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கினார் என்பதை, அவ்வமைப்பே ஏற்பாடு செய்த விசாரணை 2020-ல் வெளிப்படுத்தியது. பக்திமொழிக்கு முன்னே பேசத் தெரிந்தவர்களுக்கே மறுப்பது அரிதாயிற்று என்றால், பேச்சற்றவரின் நிலை என்ன? நூவன் இதை அறிய வாழ்ந்திருக்கவில்லை. நாம் அறிந்தபின் படிக்கிறோம்.

இத்தனைக்கும் பிறகு இந்நூலை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆதாம் காலை உணவை மெல்ல மெல்ல உண்கிறார். அருகில் நூவன் வெறுமனே அமர்ந்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் விளக்கவுரை ஏதும் குறுக்கிடுவதில்லை. திரும்பத் திரும்ப நான் புரட்டுவது அதைத்தான்.