ஊகிக்கும் உரிமை யாருக்கு?

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி, மூதறிஞர் ராஜாஜி 1878ஆம் ஆண்டில் பிறந்த சிற்றூர். அவர் பிறந்த இல்லம் இன்று நினைவில்லமாகப் பேணப்படுகிறது. யட்சரும் கந்தருவரும் அரக்கரும் உலவும் பாரதக் கதையைப் பள்ளிச் சிறுவனும் படித்தறியும் தமிழில் ‘வியாசர் விருந்து’ என்று எழுதித் தந்தவர் அவர். அவ்வூரைச் சூழ்ந்த நிலப்பரப்பில் இன்று லாரி ஆலையும் மோட்டார் சைக்கிள் ஆலையும் கைக்கடிகார ஆலையும் எழுந்து நிற்கின்றன. அங்கு மூன்று ‘ஷிப்டு’களில் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள் அமானுஷ்யக் கதைகளைப் பாட்டியிடமோ பாரதத்திடமோ பெறுவதில்லை. அமெரிக்கச் சித்திரக் கதைகளும் அவற்றிலிருந்து பிறந்த படங்களுமே அவர்களுக்கு அவற்றை வழங்குகின்றன. அடுத்து என்ன நிகழும், அந்த வீரனின் ஆற்றல் எங்கிருந்து வந்தது, அவன் நாடு எது என்றெல்லாம் பிள்ளைகள் கூடி ஊகிக்கிறார்கள். இந்த ஊகத்தை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்குவதற்கில்லை. கதைக்குள் யார் ஊகிக்கலாம், யார் ஊகிக்கலாகாது என்று கதாசிரியர் வகுத்திருக்கும் எல்லைக்கோட்டிலேதான் பிற நாட்டாரை அமெரிக்கர் நோக்கும் நோக்கு ஒளிந்திருக்கிறது.

நம் மரபில் அமானுஷ்யக் கதை என்பது பெரும்பாலும் கேள்வியின் கதை. நச்சுப் பொய்கைக் கரையில் யட்சன் கேட்கிறான், தருமன் விடையிறுக்கிறான். முருங்க மரத்து வேதாளம் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டே புதிர் போடுகிறது. தமிழ் முஸ்லிம் இலக்கியத்தின் தொன்மையான நூலாகிய ‘ஆயிர மசலா’, 1572இல் வண்ணப்பரிமளப் புலவரால் பாடப்பெற்று மதுரையில் அரங்கேறியது. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தொடுக்கும் வினாக்களே அந்நூலின் உடலும் உயிரும். மண்ணும் விண்ணும் மறுமையும் அங்கே கேட்டறியப்படுகின்றன. ‘அதிசய புராணம்’ என்றும் அதற்கொரு பெயருண்டு. அதிசயத்தைக் கண்டு வாய்பிளந்து நிற்பவன் அல்லன் அந்த நூலின் மனிதன்; கேட்பவன்.

இந்த உரைகல்லில் ‘ஃபேன்டம்’ கதையை உரைத்துப் பார்ப்போம். லீ ஃபாக் என்பார் 1936ஆம் ஆண்டில் அமெரிக்கச் செய்தித்தாள்களில் தொடங்கிய கதை இது. இந்தியாவில் 1964 முதல் இந்திரஜால் காமிக்ஸ் வழியே பரவியது. தமிழில் ‘வேதாளன்’ என்றொரு பெயரும், பின்னாளில் ராணி காமிக்ஸில் ‘மாயாவி’ என்றொரு பெயரும் இவ்வீரனுக்கு வாய்த்தன. கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்ட வேதாளத்தின் பெயரை, எவரும் தன்னைக் கேள்வி கேளாதபடி வாழ்பவனுக்குச் சூட்டியது எத்துணைப் பெரிய முரண்!

கதை நாம் அறிந்ததே. 1536இல் கடற்கொள்ளையரால் தந்தையை இழந்து கரையொதுங்கிய ஒரு வெள்ளையர், மண்டையோட்டின் மீது ஆணையிட்டுக் கொடுமையை ஒழிக்கப் புறப்படுகிறார். அவருக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என 21 தலைமுறையினர் அதே முகமூடியை அணிகின்றனர். காட்டு மக்களோ நானூறு ஆண்டுகளாக ஒரே மனிதன் சாகாமல் திரிவதாக நம்புகின்றனர். குகையைக் காக்கும் பந்தர் என்னும் குள்ளர் குலத்தார் மட்டும் உண்மை அறிவர். அவர்கள் வாய் திறவார். ஆகவே அக்காட்டில் இருவகை மக்களே உளர்: அறிந்து மௌனிப்போர், அறியாது அஞ்சுவோர். ‘இவர் நடையில் சிறு வேறுபாடு தெரிகிறதே, சென்ற ஆண்டு கண்டவர் சற்று உயரம் அல்லவா?’ என்று ஐயுற்று ஊகிக்கும் ஒரு கிழவியைக்கூட அந்த நானூறு ஆண்டுகளில் நாம் காண்பது அரிது. இரகசியத்தைச் சுவைக்கும் உரிமை வாசகனுக்கு. நம்பும் கடமை காட்டு மக்களுக்கு.

காட்டை அண்டி வாழும் மக்களை அறிந்த எவரும் இதை ஏற்கமாட்டார். ஓசூருக்குத் தெற்கே தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி என விரியும் மலைக்காடுகளைப் பற்றிப் பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளிவந்த தம் முதல் நூலிலிருந்தே எழுதிவந்தார். அவரும் வெள்ளையரே, வேட்டைக்காரரே. சிறுத்தையைப் பேயென அஞ்சிய கிராமத்தாரைப் பற்றியும் எழுதியவரே. எனினும் அவருடைய கதைகளில் வரும் பைரா என்னும் பூசாரி, தடம் பார்த்து, காற்றை முகர்ந்து, குரங்கின் கூச்சலுக்குக் காரணம் கூறி, துப்பாக்கி ஏந்தியவருக்கே காட்டைக் கற்பிக்கிறார். அஞ்சுவதும் ஆராய்வதும் ஒரே மனிதரிடம் உண்டு என்பதை ஆண்டர்சன் கண்டார். அவர் அக்காட்டில் நடந்தவர். இங்குள்ள மொழிகளைப் பேசியவர். லீ ஃபாக்கோ, உலகம் சுற்றிய அனுபவசாலி என்று தொடக்கத்தில் விளம்பரப்படுத்தப்பட்டாரேனும், அந்நாளில் தம் நாட்டைத் தாண்டி எங்கும் சென்றதில்லை.

செல்லாத நாட்டைப் பற்றி எழுதுவது குற்றமன்று. ஆனால் அந்த அறியாமை எவ்வாறு மர்மமாக வேடம் பூணுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபேன்டம் வாழும் நாடு எங்கே உள்ளது என்பது அக்கதையின் பற்றாளர் பல்லாண்டுகளாக ஊகித்துவரும் பெரும்புதிர். தொடக்கக் கதைகளில் ஆசியச் சாயல். பின்னர் நாடு மெல்ல நகர்ந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுகிறது. வங்காளத்தை நினைவூட்டும் பெயர், சிங் என்ற பெயர் தாங்கிய கொள்ளையர், சிங்கமும் புலியும் கலந்துலவும் காடு. பற்றாளர் வரைபடம் வரைகின்றனர், கதைகளை ஆண்டு வாரியாக அடுக்குகின்றனர், முரண்களுக்கு அமைதி கூறுகின்றனர். அவர்களது உழைப்பு பாராட்டத்தக்கதே. ஆயின் விடை மிக எளியது: ஆசிரியருக்கு ஆசியாவும் ஆப்பிரிக்காவும் ஒன்றே. இரண்டும் ‘தொலைவு’ என்னும் ஒரே நாட்டின் இரு மாவட்டங்கள். ‘எங்கே?’ என்று வாசகன் தேடுவது, ஆசிரியர் எங்கும் வைக்காத ஒன்றை.

இந்தியப் பதிப்பாளர் இதை உணர்ந்தனர் போலும். வங்காளத்தை ஒத்த நாட்டுப் பெயரை ‘டெங்காலி’ என்று மாற்றினர். ‘சிங்’ என்பதும் ‘சிங்கா’ ஆயிற்று. (டெங்காலி என்றதும் தேன்கனிக்கோட்டை நினைவுக்கு வருவது எங்கள் வட்டாரத்தாரின் செவிக்குற்றம், மன்னிக்கலாம்.) ஆனால் ஒன்றை மாற்ற மறந்தனர். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும். உருது பேசும் நம் இல்லத்துச் சிறுமி ‘பந்தர் குலத்தார்’ என்று படித்தவுடன் என்ன நினைப்பாள்? பந்தர் என்றால் குரங்கு! கிப்ளிங்கின் காட்டுக் கதையில் 1894ஆம் ஆண்டிலேயே குரங்குக் கூட்டத்தைக் குறிக்க வந்த சொல் அது. அந்த நூலை விரும்பிப் படித்தவர் ஃபாக். அவர் இழிவு கருதி வைத்தார் என்று நாம் சொல்லமாட்டோம். ஒரு மனிதக் குலத்துக்குப் பெயரிடும்போது அச்சொல்லின் பொருளை விசாரிக்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை என்பதுதான் நம் வழக்கு. அச்சொல்லைப் பேசுவோரும் ஒருநாள் இதைப் படிப்பர் என்று அக்காலத்தில் அவர் கருதியிருக்க இயலாது.

நியாயத்தை மறைக்கலாகாது. பின்னாளில் ஃபாக் அந்த நாட்டுக்குத் தேர்தலையும், லுவாகா என்னும் கருநிறக் குடியரசுத் தலைவரையும் வழங்கினார். காலம் அவரையும் திருத்திற்று. அன்றியும், கதைக்கு வெளியே உள்ள மக்கள் கதைக்குள்ளிருக்கும் மக்களைப் போல் வாளாவிருக்கவில்லை. பப்புவா நியூகினியின் வாகிப் பள்ளத்தாக்கில் போர்க் கேடயங்களின் மீது ஃபேன்டம் உருவத்தைத் தீட்டிக்கொண்டனர். சாகாதவன் என்ற கருத்து தம் கேடயத்துக்குப் பொருந்தும் என்று அவர்கள் தேர்ந்தெடுத்தனர். எதை எடுப்பது, எதை விடுப்பது என்று கணக்கிட்டவர் அம்மக்கள்.

நாமோ? தமிழ் வாசகர் அனைவரும் முகமூடிக்குள் புகுந்து நின்றுதான் அக்கதைகளைப் படித்தோம். ஈட்டியேந்திய கூட்டத்தில் நம் முகம் இருக்கலாம் என்று நமக்குத் தோன்றவில்லை. அஞ்செட்டிச் சந்தைக்குத் தேனும் கிழங்கும் கொண்டுவரும் இருளர் பெண்ணை நம் பிள்ளைகள் எந்தக் கண்ணால் நோக்குகின்றனர் என்று வீட்டில் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்; அமெரிக்கரைக் குறைகூறும் நம் வேகம் சற்றே தணியும்.

தொலைநாடுகள் அனைத்தையும் ஒன்றாக்கிக் காணும் இப்பழக்கம் காகிதத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்குச் சான்று உண்டு. அலாவுதீன் கதையை 1709இல் பாரிஸ் நகரில் காலான் என்ற அறிஞருக்குச் சொன்னவர் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப். அந்தக் கதையில் அலாவுதீனின் ஊர் சீனத்தில் உள்ளது. 1992இல் டிஸ்னி நிறுவனம் படமெடுத்தபோது அது ‘அக்ரபா’ என்னும் கற்பனை அரபு நகராயிற்று. 2015 டிசம்பரில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்க வாக்காளரிடம் ‘அக்ரபா மீது குண்டு வீசலாமா?’ என்று வினவியது. குடியரசுக் கட்சியாரில் நூற்றுக்கு 30 பேர் வீசலாம் என்றனர். ஜனநாயகக் கட்சியாரில் 19 பேரும் அவ்வாறே. இல்லாத ஊர்! பெயரில் அரபு வாடை வீசியதே போதுமானதாயிருந்தது. கேட்ட நிறுவனம் விளையாட்டாகவே கேட்டிருக்கலாம். அக்ரபாவைப் போல் ஒலிக்கும் பெயருடைய மெய்யான ஊர்களில் வாழ்வோருக்கு அது விளையாட்டன்று.

இத்தகைய நாட்டில்தான் 2014ஆம் ஆண்டில் கமலா கான் என்னும் பதினாறு வயதுச் சிறுமி தனிச் சித்திரக் கதையின் தலைவியானாள். பாகிஸ்தானிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள், நியூஜெர்சியில் வாழ்பவள். அவளை உருவாக்கியவருள் முதன்மையானோர் பாகிஸ்தானிய வம்சாவளியினரான சனா அமானத்தும், இஸ்லாத்தைத் தழுவிக் கெய்ரோவில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் வில்லோ வில்சனும். அக்கதையின் முதல் தொகுதி 2015இல் ஹியூகோ விருது பெற்றது. முதல் இதழில் கமலாவுக்குத் தோன்றும் காட்சியில் அமெரிக்க வீராங்கனையின் வாயிலிருந்து அமீர் குஸ்ரோவின் பாடல் ஒலிக்கிறது. பந்தர் என்ற சொல்லிலிருந்து இது எத்துணைத் தொலைவு!

2022இல் அது தொலைக்காட்சித் தொடராயிற்று. சித்திரக் கதையில் ஒரு விந்தைப் புகையால் வந்த ஆற்றல், தொடரில் பாட்டன் பாட்டி வழி வந்த ஒரு வளையலோடு இணைக்கப்பட்டது. தேசப் பிரிவினையின் ரயில் நிலையத்துத் துயரமும் கதையில் கலந்தது. தங்களை உலகோர் ஜின் என்று அழைத்ததாகக் கூறும் ஒரு கூட்டம் நுழைகிறது. நான் ஜின்னோ என்று கமலாவே மருள்கிறாள். உடனே பற்றாளரிடையே ஊகங்கள் பெருகின. முஸ்லிம் இல்லங்களிலும் பெருகின. நாம் மேலே தேடிய உரிமை இங்கே வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பண்பாட்டில் பிறந்தவளே தன்னைப் பற்றி ஊகிக்கிறாள். அவளைப் போன்ற பிள்ளைகளும் உடனிருந்து ஊகிக்கின்றனர்.

எனினும் பழைய சோம்பல் முற்றும் நீங்கவில்லை. அந்தக் கூட்டத்தார் வந்த உலகுக்கு ‘நூர்’ என்று பெயரிட்டனர். நூர் ஒளி, ஒளியால் படைக்கப்பட்டோர் மலக்குகள். ஜின்கள் நெருப்பால் படைக்கப்பட்டோர். அதற்கு ‘நார்’ என்பது சொல். ஓதும் பள்ளியில் முதலாண்டுப் பிள்ளை அறிந்த வேறுபாடு இது. ஜின்களிலும் நல்லோர் உண்டு, தீயோர் உண்டு, அவர்களும் கேள்வி கணக்குக்கு உரியோர் என்ற செழுமையான கருத்தும் நம்மிடம் உள்ளது. ஒரு பெண் ‘நான் யார்?’ என்று கலங்கும் கதைக்கு அதைவிடச் சிறந்த பொருள் எங்கே கிடைக்கும்? வில்சன் அம்மையாரே 2012இல் வெளியிட்ட ‘அலிஃப்’ பற்றிய நாவலில் ஜின்களை இத்தகைய பன்மையோடு படைத்துக் காட்டியவர்தாமே. தொடரை எழுதியோர் அந்தக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே செல்லாமல், இறுதிப் பகுதியில் ‘மரபணுப் பிறழ்வு’ என்ற தம் நிறுவனத்தின் பழைய திறவுகோலால் பூட்டிவிட்டுப் போயினர். ஊகித்த பிள்ளைகளுக்குக் கிட்டிய விடை, அவர்களுடைய ஊகத்தைவிட ஏழைமையானது.

சித்திரக் கதையில் ஓரிடம் உண்டு. இரவில் வெளியே திரியும் கமலாவைப் பெற்றோர் பள்ளிவாசலின் ஷைகு அப்துல்லாஹ்விடம் அனுப்புகின்றனர். அமெரிக்கக் கதைகளில் தாடி வைத்த பெரியவர் என்ன செய்வார் என்பதை நாம் எல்லோரும் மனப்பாடமாக அறிவோம். அவளும் திட்டுக்குத் தயாராகவே அமர்கிறாள். அவரோ பிறருக்கு உதவ அவள் விரும்பினால் தக்க பண்புகளோடு உதவட்டும் என்கிறார். கற்பிக்க ஓர் ஆசானைத் தேடிக்கொள்ளச் சொல்கிறார். அவளுக்கு வாய்க்கும் ஆசான், எஃகு நகம் முளைத்த வுல்வரின். சாக்கடைக்குள் இறங்கி ஒரு முதலையோடு இருவரும் போராடுகின்றனர். நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த முதலையைத்தான் அதிகம் விரும்பினர்.