பெருமிதமும் இளிவரலும்: சின்னத்திரையில் பயிற்சியற்றோர் கைகலப்பு

சண்டை பயிலாத ஒருவர் சண்டையிடும் காட்சியின் நம்பகத்தன்மை, அடி உண்மையாகவே பட்டதுபோல் தோன்றுகிறதா என்பதைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பிடப்படுகிறது. தொலைக்காட்சித் தொடர்களைப் பொறுத்தவரை இவ்வளவுகோல் போதாது. அடித்தவரையும் அடிபட்டவரையும் சூழ நின்றவரையும் அக்காட்சி எந்த மெய்ப்பாட்டில் நிறுத்துகிறது என்பதே முதன்மையான வினா. இவ்வினாவை ஆராய்வதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பெரிதும் துணைசெய்கிறது.

பெருமிதம் பிறக்கும் களன்களாகக் கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கைத் தொல்காப்பியர் குறிக்கிறார். தறுகண்ணுக்கு முன்னே கல்வி நிற்பது கருதத்தக்கது. இளிவரலுக்கு உரியவை மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. மென்மைக்கு வறுமை எனப் பொருள்கொள்ளும் உரைமரபு உண்டு. எனினும் இங்கு அது வலிமையின்மை என்னும் நேர்ப்பொருளில் கொள்ளப்படுகிறது. கல்வி என்பதை உடல் கற்ற வித்தைக்கும் விரித்துப் பார்த்தால், பயின்றவரின் போர் பெருமிதத்தின்பாற்படும். பயிலாதவரின் மோதல் இளிவரலை நோக்கிச் சரியும். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போரைச் சாத்தந்தையார் பாடும் புறநானூற்றுப் பாடலில் (80), வீரனின் ஒரு கால் எதிரியின் மார்பிலும் மறுகால் முதுகுப்புறத்திலும் வினைசெய்கின்றன. துணிவு மட்டும் அப்பெருமிதத்தைத் தந்துவிடவில்லை. எந்தக் காலை எங்கே வைப்பது என்று அறிந்த உடலும் சேர்ந்தே அதைத் தருகிறது.

அவ்வறிவு இல்லாத உடல்களின் மோதல் அன்றாட வாழ்வில் காணக்கிடைப்பதே. தாம்பரம்–கடற்கரை மின்தொடர் வண்டியின் மாலை நெரிசலில் இருக்கைக்காகவோ மிதிபட்ட காலுக்காகவோ எழும் தகராறு அதற்குத் தக்க சான்று. முதலில் நெடுநேரம் சொற்கள். பிறகு ஒரு தள்ளு. அடுத்து சட்டைக் காலரைப் பற்றும் கை. குத்து வீசுவதற்கு இடைவெளி வேண்டும். பயிலாதவர் அச்சத்தாலும் சினத்தாலும் அந்த இடைவெளியை முதலிலேயே இழந்துவிடுகிறார். எனவே பிடித்தல், இழுத்தல், கட்டிப்புரளுதல் என்றே மோதல் நிகழ்கிறது. இதற்குத் தமிழ் வழங்கும் ‘கைகலப்பு’ என்னும் சொல், திரையில் காணும் பல சண்டைகளைவிடத் துல்லியமானது. சிறிது நேரத்திற்குள் மூச்சு வாங்குகிறது. நடுவில் புகுந்து விலக்கிவிடுபவருக்கும் ஓரிரண்டு அடி விழுகிறது. முட்டியை மடக்கிக் குத்தியவருக்குச் சுண்டுவிரலின் கீழுள்ள உள்ளங்கை எலும்பு முறிவதும் உண்டு. மருத்துவ வழக்கில் இம்முறிவு குத்துச்சண்டை வீரரின் பெயரால் வழங்கினாலும், முறையாகப் பயின்ற வீரரைவிடப் பயிலாதவரிடமே மிகுதியாகக் காணப்படுகிறது என்பது ஒரு வேடிக்கை.

மலையாளப் படமான ‘மகேஷிண்டெ பிரதிகாரம்’ (2016) இந்த உடலை நன்கு அறிந்திருந்தது. புகைப்படக் கலைஞன் மகேஷ் ஊர் நடுவே அடிபட்டு, வேட்டியும் இழந்து நிற்கிறான். வலியைவிட நாணமே அங்கு மேலோங்குகிறது. பழிதீர்க்கும் வரை செருப்பு அணிவதில்லை என அவன் கொள்ளும் சூளும் பின்னர் நிகழும் சண்டையும் அந்த நாணத்திலிருந்தே பிறக்கின்றன. பிரியதர்ஷன் இயக்கத்தில் ‘நிமிர்’ (2018) எனத் தமிழில் வந்தபோதும் கதையின் அடித்தளம் இளிவரலாகவே இருந்தது. ‘தி ஃபேமிலி மேன்’ இரண்டாம் பருவத்தின் (2021) ராஜி இதற்கு நேர்மாறானவள். சென்னையில் எளிய தொழிலாளியாக ஒடுங்கி வாழும் அவள் கை ஓங்கும் கணத்தில் கற்ற உடல் வெளிப்படுகிறது. பார்வையாளர் அடைவது பெருமிதம். இருவகையும் தத்தம் அளவில் பொருந்துகின்றன.

நெடுந்தொடர்களில்தான் இவ்விரண்டும் குழம்புகின்றன. அவற்றில் மிகுதியாக இடம்பெறும் வன்முறை கன்னத்தில் விழும் அறையே. அது மூன்று கோணங்களில் மூன்று முறை காட்டப்படுகிறது, ஒலி எதிரொலிக்கிறது, சூழ நிற்போர் முகங்களைப் படக்கருவி ஒவ்வொன்றாக வலம்வருகிறது. விலக்கிவிட ஒருவரும் நகர்வதில்லை. இடமும் இதற்கேற்பவே அமைகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் படப்பிடிப்பு மாளிகைகளைப் போன்ற அகன்ற கூடத்தில் அறை வாங்குபவர் சுழன்று விழத் தடையற்ற தரை உண்டு. சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ இரண்டு படுக்கையறைக் குடியிருப்பில் அதே அறை விழுந்தால் தலை பீரோவிலோ கட்டில் விளிம்பிலோ மோதும். உண்மையான காயம் பெரும்பாலும் அந்த இரண்டாவது மோதலில்தான் நேர்கிறது. தொடர் அந்த இரண்டாவது மோதலை அறவே அறியாது.

திருச்செல்வம் இயக்கிய ‘எதிர்நீச்சல்’ (சன் தொலைக்காட்சி, 2022–2024) இங்குத் தனித்துக் கருதத்தக்கது. மாரிமுத்து ஏற்ற ஆதி குணசேகரனின் அதிகாரம் பெரிதும் சொல்லில் இருந்தது. கை ஓங்குவதற்கு முன்பே வீடு அஞ்சியது. சண்டைக்கு முந்தைய சொற்போரின் கனத்தை அத்தொடர் சரியாக உணர்ந்திருந்தது. எதற்கெடுத்தாலும் கை ஓங்கும் தம்பி கதிரிடம் வரும்போது அதுவும் பழைய இலக்கணத்திற்கே திரும்பிவிட்டது.

தொடர் என்பது மிகையுணர்ச்சி நாடகம், அறை அதன் மரபுக்குறி, தெருக்கூத்தில் வீமன் அடிப்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை என மறுப்புரைக்கலாம். ஆனால் கூத்து தன் மரபைக் கட்டையிலும் முகவரிகையிலும் வெளிப்படையாக அறிவித்துக்கொள்கிறது. தொடரோ நகைக்கடன், மருத்துவச் செலவு, மாமியார் அடுக்களை என ஒவ்வொன்றிலும் நடப்பியலைக் கோருகிறது. அடிபட்ட உடலில் மட்டும் மரபைத் துணைக்கழைப்பது ஒரு தேர்வே.

அநீதி செய்தவனை நாயகி திருப்பி அறையும் காட்சி இன்னும் சிக்கலானது. அங்குத் தறுகண் மெய்யாகவே உண்டு. எனவே பெருமிதத்தைப் பொய் என ஒதுக்கிவிட முடியாது. பொய்யாவது, அத்துணிவுக்கு விலையே இல்லை என்பதுதான். பருத்த ஆண் ஒருவன் ஓர் அறையில் நிலைகுலைகிறான். அவன் கை திரும்பி வருவதில்லை. அவள் விரல்கள் நடுங்குவதுமில்லை. தேசியக் குடும்பநல ஆய்வு–5 (2019–21) தமிழ்நாட்டில் மணவாழ்வு கண்ட 18–49 வயதுப் பெண்களுள் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை எதிர்கொண்டதாகக் கூறுகிறது. இந்திய அளவில் அவ்வன்முறையின் மிகப் பரவலான வடிவம் அறை என்பதும் அதே ஆய்வின் பதிவு. இத்தொடர்களைக் காணும் பெண்களுள் பலர் அறையின் பின்விளைவை உடலால் அறிந்தவர்களாகவே இருப்பர். திருப்பி அடித்தால் என்ன நேரும் என்பதையும் அவர்கள் அறிவர். அதனாலேயே அக்காட்சி அவர்களுக்கு இனிக்கிறது என்றும் கொள்ள இடமுண்டு. ஆயினும் தொடர்கள் கணவனின் அறையையும் நாயகியின் அறையையும் ஒரே ஒலியிலும் ஒரே கோணங்களிலும் காட்டுகின்றன. அடுத்த காட்சியில் கணவனின் அதே கை காபி தம்ளரை வாங்குகிறது. அதை நீட்டும் பெண்ணின் கன்னத்தில் ஒப்பனை சிறிதும் கலைந்திருப்பதில்லை.