காதல் இளவரசனுக்கு என்ன குறை?

ஒவ்வொரு நவம்பர் 7 அன்றும் கமல்ஹாசனைப் பற்றி வருகிற கட்டுரைகளில் ஒரு சமாதானம் தவறாமல் இருக்கும். எழுபதுகளில் ரசிகைகளுக்காக டூயட் ஆடிக்கொண்டிருந்தவர், 'காதல் இளவரசன்' பட்டத்தை உதறிய பிறகுதான் நடிகரானாராம். பெருமை சேர்ப்பதாக நினைத்து, அவருடைய ஆகச் சிறந்த காலத்தையே கணக்கிலிருந்து அடித்துவிடுகிறார்கள்.

அக்காலத்தில் குப்பைப் படங்கள் ஏராளம், ஒப்புக்கொள்கிறேன். பெண்ணைத் துரத்துவதே காதல் என்ற பாடத்தை அவையும் நடத்தின. அவற்றுக்காக வாதாட எனக்கு மனமில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் வேறென்ன வந்தது? 1977-இல் '16 வயதினிலே' சப்பாணி. 1978-இல் 'மரோ சரித்ரா'; தெலுங்குப் படம் தெலுங்கிலேயே சென்னையில் ஐநூறு நாளைத் தாண்டி ஓடியது. அந்த வருடமே பாரதிராஜா 'சிகப்பு ரோஜாக்கள்' எடுத்தார். அரங்கில் பெண்கள் கமலின் எந்தச் சிரிப்பில் சொக்கினார்களோ, அதே சிரிப்பில்தான் துணிக்கடைப் பெண்ணாக வரும் ஸ்ரீதேவியும் சொக்குகிறார். சிரிக்கும் திலீப் கொலைகாரன் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ரசிகைகள் கொண்டாடாத ஒருவர் நடித்திருந்தால் அந்தப் பயத்தில் பாதி போயிருக்கும்.

என் நெடுநாள் மனத்தாங்கல் இதுதான்: முகத்தை மறைத்தால்தான் நடிப்பு என்று நம்மவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். 1996-இல் இந்தியன் தாத்தா, அவ்வை சண்முகி. 2008-இல் தசாவதாரத்தின் பத்து வேடங்கள். எத்தனை மணி நேரம் ஒப்பனை போட்டார் என்பதே மதிப்பெண்ணாகிவிட்டது. தசாவதாரத்தின் பல முகங்களில் கன்னம் அசைவதில்லை; கண் மட்டும் உள்ளே சிக்கித் தவிக்கிறது. அதையும் சாதனை என்கிறார்கள்!

நடன மாஸ்டர் தங்கப்பனிடம் உதவியாளராக இருந்து பழகிய உடம்பும், எதுவும் ஒட்டாத முகமும்தான் அவருடைய மூலதனம். 'அரங்கேற்றம்' தொடங்கி பாலசந்தர் செதுக்கியதும் அவற்றைத்தான். 'வறுமையின் நிறம் சிவப்பு' அவற்றால் நின்றது. 'மூன்றாம் பிறை'க்குத் தேசிய விருது கிடைத்ததும் அவற்றால்தான். 'சலங்கை ஒலி'யில் குடிபோதையில் கிணற்றுச் சுவர்மீது ஆடுகிறாரே, அதை எந்த ஒப்பனைக்காரர் செய்து தருவார்? சப்பாணியின் வெற்றிலை வாயும் ஒப்பனைதானே என்று கேட்பார்கள். அது முகத்தை மூடவில்லை.

பிற்காலத்தில் 'நாயகன்' ஒன்றை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறேன். தசாவதாரத்தின் பத்துப் பேரும் சேர்ந்து வந்தாலும், சிகப்பு ரோஜாக்கள் திலீப் ஒருவனுக்கு ஈடாகமாட்டார்கள்.